தண்டவாளம் எட்டாத கரையின் சில்லுகள்

மட்டக்களப்போடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது. 1928இல் அங்கு வந்து நின்ற ரயில் அதற்குத் தெற்கே இன்றுவரை நகரவில்லை. அங்கிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் கல்முனை. அதையும் தாண்டி சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, உட்புறமாக சம்மாந்துறை. இந்தக் கரையிலிருந்து வெளியே போன நெல்லும், மருதமுனைத் தறிகளுக்கு வந்து இறங்கிய நூலும், கொழும்பு ஆஸ்பத்திரிக்கு விரைந்த நோயாளியும், நகரத்துக்குப் படிக்கப் போன பிள்ளையும் சில்லின் மேல்தான் பயணப்பட்டார்கள். ரயில் கண்ட ஊர்களில் வண்டிச் சில்லு வீட்டு வாசலிலிருந்து நிலையம் வரை உருண்டால் போதும். கல்முனையில் அது முழுத் தூரமும் உருள வேண்டியிருந்தது.

அதனால்தானோ என்னவோ, இந்தப் பக்கத்தில் ஒருவர் கார் வாங்கினால் பார்க்க வருகிறவர்கள் பொனட்டைத் திறக்கச் சொல்வதற்கு முன்பே குனிந்து சில்லைப் பார்க்கிறார்கள். "ரிம் மாத்தலையா?" என்ற கேள்வி அடுத்து வந்துவிடும். வாகனத்தோடு வந்த சில்லைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பூட்டும் வழக்கம் இளைஞர்களின் புது மோகம் என்று பெரியவர்கள் சலித்துக்கொள்வதுண்டு. அதன் வேர் அதைவிட ஆழமானது. தரையைப் பார்த்துச் சில்லை மாற்றுவது இந்தக் கரைக்கு மோட்டார் வருவதற்கு முன்பே தெரிந்த வேலை.

மாட்டு வண்டிச் சில்லு மூவகை உறுப்புகளால் ஆனது: நடுவே குடம், குடத்திலிருந்து விரியும் ஆரக்கால்கள், அவற்றைச் சுற்றி வளைக்கும் வட்டை. தச்சர் இவற்றைப் பொருத்தி முடித்ததும் வேலை கொல்லரிடம் போகும். வட்டையின் சுற்றளவை அளந்து, அதைவிடச் சற்றே சிறிய இரும்புப் பட்டம் அடிக்கப்படும். பட்டத்தை நெருப்பில் போட்டுச் சிவக்கக் காய்ச்சினால் இரும்பு விரியும். விரிந்த நிலையில் அதை வட்டையின் மேல் இறக்கி, தண்ணீரைக் கொட்டுவார்கள். இரும்பு சுருங்கும்போது மரத்தின் மூட்டுகளெல்லாம் நெரிந்து இறுகும். பட்டம் ஒரு நூல் அளவு பெரிதாகிவிட்டால் சில நாட்களில் கழன்று ஓடும். ஒரு நூல் சிறிதாகிவிட்டால் ஆரக்கால் வளைந்து சில்லே கோணும். பொருத்தம் என்பதை இவ்வளவு கண்டிப்பாகக் கேட்ட வேலைகள் குறைவு.

பட்டத்தின் அகலத்தையும் தரைதான் தீர்மானித்தது. ஒடுங்கிய பட்டம் கல்லிட்ட தெருவில் இலேசாக உருளும். அதே சில்லு கடற்கரை மணலில் புதைந்து நின்றுவிடும். அகலப் பட்டம் மணலில் மிதக்கும், தெருவில் மாட்டை வருத்தும். கடலுக்கும் வயலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் ஊர்களில் வண்டிக்காரர் இரண்டு தரையிலும் போகவேண்டியவர். இரண்டுக்கும் பொதுவான ஓர் அகலத்தில் அவர் சமாதானம் ஆகவேண்டியிருந்தது. இன்றைக்கு டயர் வாங்குகிறவர் செய்வதும் அதே சமாதானம்தான்.

வடக்கேயிருந்து மோட்டார் வாகனம் தடையின்றி வர ஒரு பாலம் தேவைப்பட்டது. மட்டக்களப்பு வாவியின் மேல் கல்லடியில் அந்த இரும்புப் பாலம் 1924இல் திறக்கப்பட்டது; அப்போதைய ஆளுநரின் மனைவி பெயரால் லேடி மானிங் பாலம் என்று அழைக்கப்பட்டது. அதே 1924இன் ஆகஸ்ட்டில், பிரான்சின் லியோன் நகரில் நடந்த கிராண்ட் பிரீ பந்தயத்துக்கு எட்டோர் புகாட்டி தன் 35ஆம் வகைக் காரைக் கொண்டுவந்தார். அதன் சில்லு அன்றைக்கு அதிசயம். கம்பிச் சில்லுகளின் காலத்தில், எட்டு அகன்ற கைகளோடு அலுமினியத்தில் வார்த்த சில்லு. பிரேக் டிரம்மும் அதிலேயே சேர்ந்திருந்தது. இன்றைய அலோய் ரிம்களுக்கெல்லாம் மூதாதை அது. ஆனால் பந்தயத்தில் டயர்கள் கைவிட்டன. அந்தக் காருக்கென்று புதிதாகச் செய்யப்பட்டவற்றின் மேற்தோல் கழன்று பறக்க, புகாட்டிகள் மீண்டும் மீண்டும் நின்று டயர் மாற்றின. வெற்றி அல்பா ரோமியோவில் வந்த ஜூசெப்பே கம்பாரிக்குப் போனது. எத்தனை நல்ல ரிம்மும் அதற்கேற்ற டயர் இல்லாவிட்டால் வீண் என்பதை அந்த நாள் காட்டிவிட்டது. நூறு ஆண்டு கடந்தும் ரிம்முக்கு லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு டயரில் மிச்சம் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

டயரின் மூலப்பொருளில் இலங்கைக்குத் தனிப் பங்கு உண்டு. பிரேசிலிலிருந்து ஹென்றி விக்ஹாம் கொண்டுபோன இறப்பர் விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, அந்த நாற்றுகள் 1876இல் கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொட தோட்டத்துக்கு வந்தன. ஜோன் டன்லொப் பெல்பாஸ்டில் காற்றடைத்த டயருக்கு உரிமம் பெற்றது அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1888இல். இறப்பர் மரம் மழை கேட்கும் மரம். அது களுத்துறையிலும் கேகாலையிலும் செழித்தது. வரண்ட கிழக்குக் கரைக்கு அது அயலான். ஆனாலும் 1952இல் இறப்பரும் நெல்லும் ஒரே தாளில் எழுதப்பட்டன. அந்த டிசம்பரில் சீனாவுடன் செய்துகொண்ட ஒப்பந்தப்படி இலங்கை ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பர் கொடுத்து 270,000 தொன் அரிசி பெற்றது. நாட்டுக்கு அரிசி போதாத அதே காலத்தில்தான் கல்லோயாத் திட்டம் அம்பாறைப் பக்கத்து வயல்களை விரித்துக்கொண்டிருந்தது. 1949இல் தொடங்கிய அந்தப் பணிக்காக அமெரிக்க மொரிசன் நட்சன் நிறுவனம் இங்கினியாகலையில் அணை கட்டியது. அதன் பின்னே சேனாநாயக்க சமுத்திரம் நிரம்பியது.

நீர் வந்த வயலுக்குப் பின்னர் உழவு இயந்திரம் வந்தது. மெசி பெர்குசனும், இரண்டு சில்லில் ஓடும் லாண்ட்மாஸ்டரும் கிழக்கின் சேற்றில் இறங்கியபோது சில்லு மாற்றும் பழக்கம் பருவந்தோறும் வரும் வேலையாகவே ஆயிற்று. சேற்றில் இறப்பர் டயர் வழுக்கிச் சுழலும். அதனால் கம்பிகளை வளைத்துச் செய்த கூண்டுபோன்ற இரும்புச் சில்லைப் பூட்டி உழுவார்கள். தார் வீதிக்கு ஏறும்முன் அதைக் கழற்றி இறப்பர் டயரைப் போடவேண்டும். போடாவிட்டால் வீதி கிழியும். சம்மாந்துறையிலும் நிந்தவூரிலும் வயல் உள்ள வீட்டுப் பிள்ளைகள் நட்டு கழற்றக் கற்றது இந்த இடத்தில்தான் என்றால் மிகையில்லை. தரைக்கு ஒரு சில்லு என்ற பாடத்தை எந்தப் பந்தயத் திடலும் இதைவிடத் தெளிவாகச் சொல்லித் தந்திருக்க முடியாது.

பந்தயத் திடல்களும் இந்த நாட்டுக்குப் புதியவை அல்ல. நுவரெலியாவில் மஹகஸ்தோட்ட தேயிலைத் தோட்டப் பாதையில் மலையேறும் காரோட்டப் போட்டி 1934இல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியக் கடற்படை விமானங்களுக்காகக் களுத்துறைக்கு அருகே கட்டுக்குருந்தையில் போட்ட ஓடுபாதை, போர் முடிந்த பிறகு பந்தயப் பாதையாயிற்று. பாக்கு நீரிணைக்கு அப்பால் சென்னையிலும் இதே கதை: போர்க்கால ஓடுபாதையான சோழவரத்தில், 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயங்களை நடத்தியது. இலங்கையிலிருந்தும் ஓட்டுநர்கள் அங்கே போய் ஓட்டினார்கள். கோயம்புத்தூரின் கரிவரதன் பந்தயக் கார்களைத் தாமே வடிவமைத்துக் கட்டினார். திருவொற்றியூரில் 1946இல் பலூன் செய்யத் தொடங்கி, 1952இல் தேய்ந்த டயருக்கு மேற்தோல் போடும் இறப்பருக்கு வந்த எம்.ஆர்.எப். நிறுவனம், பின்னாளில் இந்தியப் பந்தயங்களின் டயர்ப் பெயராக நின்றது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் திடல் வந்ததும் சோழவரத்தின் காலம் முடிந்தது.

அந்தக் காலத்துப் பந்தயங்களின் செல்லப்பிள்ளை மினி. 1959இல் வந்த அந்தச் சின்னக் காருக்கு அலெக் இசிகோனிஸ் 10 அங்குலச் சில்லுதான் வைத்தார். டயரை டன்லொப் தனியாகச் செய்து கொடுத்தது. 1960களில் அதற்கென்று மினிலைட் என்ற மக்னீசியம் சில்லு வந்தது. எட்டுக் கைகள், மிகக் குறைந்த எடை. எடை ஏன் இவ்வளவு முக்கியம்? சில்லும் டயரும் ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் சுமை. அந்தச் சுமை குறைந்தால், மேடுபள்ளத்தில் டயர் தரையை விட்டு எழும்பாமல் ஒட்டியே ஓடும். முடுக்கவும் நிறுத்தவும் எளிது. அழகுக்காகவென்று யாரும் மினிலைட்டை வரையவில்லை. அது அழகாக அமைந்தது தனிக் கொடை. இலங்கைப் போட்டிகளில் மினிக்கென்று இன்றும் தனிப் பிரிவு ஓடுகிறது.

கல்முனைக்கு இந்த மோகம் பந்தயத்தின் வழியாக வரவில்லை. ஜப்பானின் வழியாக வந்தது. 1977இன் திறந்த பொருளாதாரத்துக்குப் பிறகு ஜப்பானியக் கார்களும் வேன்களும் நாட்டுக்குள் பெருகின. அடுத்தடுத்த ஆண்டுகளில் ரீகண்டிஷன் வாகனங்கள் நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டின. சில வாகனங்கள் அங்கே முதல் உரிமையாளர் ஆசையாகப் பூட்டிய ரிம்மோடே வந்திறங்கின. பழைய ரிம்களும் டயர்களும் தனியாகவும் கொள்கலன்களில் வந்தன. கொழும்பு பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளில் அவை அடுக்கப்பட்டு, அங்கிருந்து நாடெங்கும் பரவின. ரிம்மின் உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் ஜே.டபிள்யூ.எல். என்ற எழுத்துகள் தெரியும். ஜப்பானின் இலகு உலோகச் சில்லுத் தரத்துக்கு உட்பட்டது என்பதற்கான அடையாளம். ரேய்ஸ் என்ற நிறுவனத்தின் டி.இ.37 ரிம்மைப் பந்தயக் கார் பிரியர்கள் இன்றும் கொண்டாடுகிறார்கள். 1996இல் வந்த அதன் பெயரிலுள்ள 37, பதினைந்து அங்குல ரிம்மின் எடையான 3.7 கிலோவைக் குறிக்கிறது. அந்த வடிவத்தைப் பார்த்து வார்த்த போலிகள் சந்தையில் ஏராளம். உருவம் ஒன்றாக இருக்கும். எடையும் உறுதியும் ஒன்றாக இரா. அடித்து உருவாக்கிய அலுமினியத்துக்கும் அச்சில் ஊற்றிய அலுமினியத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே ஒரு பெரிய பள்ளம் சொல்லிவிடும்.

சில்லு மாற்றும் வழக்கம் இந்த இடத்தில்தான் தன் பழைய ஒழுங்கைத் தொலைக்கத் தொடங்கியது. கொல்லர் வட்டையை அளந்த பிறகே பட்டத்தை அடித்தார். ரிம் சந்தையிலோ கண்ணுக்குப் பிடித்ததைத் தூக்கிய பிறகே அளவைக் கேட்கிறார்கள்.

முதல் அளவு நட்டுத் துளைகளின் வட்டம், கடைக்காரர் மொழியில் பி.சி.டி. விட்ஸ், ஆக்சியோ, ஹொண்டா பிட், வேகன் ஆர் எல்லாம் நான்கு துளை, 100 மில்லிமீட்டர் வட்டம். பிரீமியோவும் அலியனும் ஐந்து துளை, அதே 100. பெரிய கார்களுக்கு ஐந்து துளை, 114.3; அதாவது நாலரை அங்குலம். வேகக் கார்களில் இதுவே பெரும் பொறி. சுபாருவின் டபிள்யூ.ஆர்.எக்ஸ். எஸ்.டி.ஐ. காருக்கு முதலில் ஐந்து துளை, 100. 2005 மாடலிலிருந்து 114.3. ஒரே பெயர், ஏறக்குறைய ஒரே உருவம், ஆனால் ஒன்றின் ரிம் மற்றதற்கு ஏறாது. மிட்சுபிஷி லான்சர் எவலூஷனில் முதல் மூன்று தலைமுறைக்கு நான்கு துளை, நான்காவதிலிருந்து ஐந்து. ஏறவே ஏறாத ரிம்மால் பணம் மட்டும்தான் போகும். ஏறுவதுபோல் காட்டும் ரிம்தான் உயிருக்கு ஆபத்து. ஜேர்மன் கார்களின் 112 மில்லிமீட்டர் வட்டத்து ரிம்மை 114.3 போல்ட்டுகளில் தள்ளி, நட்டை வைத்து இழுத்து இறுக்கிவிடலாம். போல்ட் வளைந்த நிலையில் சுமை தாங்கும். எப்போது முறியும் என்பதை வெளியிலிருந்து யாராலும் பார்க்க முடியாது.

இரண்டாவது நடுத்துளை. ஹொண்டா பிட்டின் ஹப் 56.1 மில்லிமீட்டர்; விட்ஸ், ஆக்சியோவின் ஹப் 54.1. பிட்டின் ரிம் ஆக்சியோவுக்குத் தடையின்றி ஏறும், சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியோடு. ரிம்மை நடுவில் பிடிக்க ஒன்றுமில்லாததால் வேகம் கூடும்போது ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கும். அலைன்மென்ட், பாலன்சிங் என்று கடை கடையாக அலைந்தாலும் நோய் தீராது. அந்த இடைவெளிக்கு ஒரு சிறு வளையம் போட்டால் போதும். ஆக்சியோவின் ரிம்மை பிட்டுக்கு மாற்ற நினைத்தால் அது ஏறவே மாட்டாது.

மூன்றாவது நட்டு, பலரும் கவனிக்காத இடம். ஹொண்டா தொழிற்சாலை ரிம்மில் நட்டு உட்காரும் குழி உருண்டை வடிவம். வெளியார் ரிம்களில் பெரும்பாலும் கூம்பு வடிவம். டொயோட்டாவின் சில ரிம்களில் தட்டையான முகம். ஹொண்டா ரிம்மில் கூம்பு நட்டைப் போட்டால் குழியின் விளிம்பை மட்டும் அது தொடும். இறுகியதாகக் கை உணரும், ஓடினால் தளரும். புரி இடைவெளியிலும் வேறுபாடு உண்டு: டொயோட்டா, ஹொண்டா, மிட்சுபிஷிக்கு 1.5 மில்லிமீட்டர், சுசுக்கி, சுபாரு, நிசானுக்கு 1.25. தவறான நட்டைச் சாவியின் பலத்தால் ஏற்றினால் போல்ட்டின் புரியே வழிந்துவிடும்.

பிறகு ஒஃப்செட். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதன் கணக்கு. 50 இருந்த இடத்தில் 35 போட்டால் சில்லு 15 மில்லிமீட்டர் வெளியே வரும். தோற்றம் முரட்டுத்தனமாக மாறும், பலருக்கும் பிடிக்கும். கூடவே பேரிங்கின் மேல் விழும் நெம்புவிசை கூடும், பின் ஆசனத்தில் மூன்று பேர் ஏறினால் டயர் மட்கார்டில் உரசும். உள்ளே அதிகம் தள்ளினால் ஷொக் அப்சோர்பரில் இடிக்கும்.

டயரின் அளவில் கூட்டல் பெருக்கல் தெரிந்தால் போதும். 195/65 ஆர் 15 டயரின் மொத்த விட்டம் 634.5 மில்லிமீட்டர். ரிம்மைப் பதினாறு அங்குலமாக்கினால் 205/55 போடலாம்: 631.9. பதினேழாக்கினால் 225/45: 634.3. மூன்றும் ஒன்றுக்கொன்று மிக நெருங்கியவை. ஆகவே ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது, ஏ.பி.எஸ். குழம்பாது. குறைந்து போவது டயரின் பக்கச்சுவர். ரிம் பெரிதாகப் பெரிதாக, பள்ளத்தின் அடியை வாங்கிக்கொள்ளும் காற்றுத் தலையணை மெலிகிறது.

உண்மையான பந்தயக்காரர்கள் இந்த இடத்தில் எதிர்த்திசையில் போகிறார்கள். உலக ரலிப் போட்டிகளில் தார்ப் பாதைக்கு 18 அங்குல ரிம் பூட்டும் கார்கள், கல்லும் புழுதியும் கொண்ட பாதைக்கு 15 அங்குலத்துக்கு இறங்கிவிடும். ரிம் சிறிது, டயரின் சுவர் உயரம். இலங்கையிலும் தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் போன்ற மண் திடல்கள் அதே ஒழுங்கைக் கேட்கின்றன. ஃபொக்ஸ் ஹில்லில் 1993இல் தொடங்கிய போட்டியில் 2024 ஏப்ரல் 21 அன்று கார் ஒன்று பார்வையாளர் பக்கம் பாய்ந்து ஏழு உயிர்களைக் கொண்டுபோனது. அவர்களில் எட்டு வயதுச் சிறுமியும் ஒருத்தி. வேகத்தோடு விளையாடுகிற எவரும் அந்த நாளைக் கடந்து பேச முடியாது. பூட்டும் சில்லுக்கு ஓட்டுபவரைத் தவிரவும் பலரிடம் கடமை இருக்கிறது.

இந்தக் கரையின் வீதியோ பல காலம் 15 அங்குலத்தைக்கூட மன்னிக்காத வீதியாக இருந்தது. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில் வழியாகக் கல்முனை தொட்டு மட்டக்களப்புக்குப் போகும் ஏ4 நெடுஞ்சாலை 430 கிலோமீட்டர் நீளம். உள்நாட்டுப் போர்க்காலத்தில் அதன் கிழக்குத் துண்டு குண்டும் குழியும் சோதனைச் சாவடியுமாகக் கிடந்தது. புது டயர் எட்டாத விலை என்பதால் தேய்ந்ததற்கு மேற்தோல் போட்ட ரீபில்ட் டயர்களே பஸ்ஸையும் லொறியையும் ஓட்டின. 1960களில் சோவியத் உதவியோடு களனியில் எழுந்த அரச டயர் ஆலை நாட்டுக்குக் கொடுத்த பெரும் ஆறுதல் உள்ளூர் டயர். 2004 டிசம்பர் 26இல் சுனாமியாக எழுந்த கடல், இலங்கையிலேயே அதிக உயிர்களை அம்பாறை மாவட்டத்தில் எடுத்தது. கல்முனையும் மருதமுனையும் சாய்ந்தமருதும் அடைந்த இழப்பின் முன் வாகனக் கணக்குப் பேசுவது சிறுமை. மெல்லத் திரும்பிய வாழ்வில் வீதிகள் புதிதாகப் போடப்பட்டன. கல்லடியில் 1924இன் பாலத்துக்குப் பக்கத்தில் 2013இல் புதுப் பாலம் திறந்தது. வழுவழுப்பான கார்ப்பெட் வீதி வந்த பிறகே பெரிய ரிம் இங்கே நியாயமான ஆசையாயிற்று.

அந்த ஆசைக்கும் குறுக்கே 2020 மார்ச்சில் வாகன இறக்குமதித் தடை வந்தது. டயர் இறக்குமதியும் கட்டுப்பாட்டுக்குள் போனது. 2022இல் ஒரு டொலர் சில வாரங்களில் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்வரை ஏறியது. ஐந்து ஆண்டுகளாகப் பழைய வாகனங்களே கைமாறின. பழைய ரிம்களும் அவற்றில் ஒட்டிய பழைய டயர்களும் அவற்றோடு கைமாறின. டயரின் பக்கத்தில் கடைசி நான்கு இலக்கங்கள் பிறந்த தேதியைச் சொல்லும்: 3514 என்றால் 2014இன் 35ஆம் வாரம். மேற்தோலின் பள்ளம் ஆழமாக இருந்தாலும் பத்து வயதான இறப்பர் வெயிலில் இறுகி வெடிப்பு விட்டிருக்கும். ரிம்மில் டயர் ஒட்டும் விளிம்பைக் கடற்காற்றின் உப்பு அரித்திருந்தால், ஆணி குத்தாமலே காற்று இறங்கிக்கொண்டிருக்கும். கடற்கரை ஊர்க்காரர்கள் இதைத் தனியாகப் பார்த்தாக வேண்டும்.

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறந்தது. இப்போது வருபவற்றில் ஹைபிரிட்டும் மின்சாரக் காரும் அதிகம். பாட்டரியின் சுமையால் அவை கனம் கூடியவை. டயர் அளவுக்குப் பக்கத்தில் நிற்கும் இலக்கம் அப்போது பெரிதாகிறது. 91 என்றால் ஒரு டயர் தாங்குவது 615 கிலோ, 94 என்றால் 670. பழைய காரின் ரிம்மையும் டயரையும் புதுக் காருக்கு மாற்ற நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது இதை.

கவனமுள்ள டயர் கடைக்காரர் நான்கையும் ஒரே மூச்சில் பூட்டித் தருவதில்லை. முன்பக்கம் ஒன்றை மட்டும் போட்டு, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்க்கிறார். உள்ளே கைவிட்டு பிரேக் கலிப்பருக்கும் ரிம்முக்கும் நடுவே விரல் நுழைகிறதா என்று தடவுகிறார். பின் ஆசனத்தில் ஆட்களை ஏற்றி மட்கார்டைக் கவனிக்கிறார். நட்டுகளை நட்சத்திர வரிசையில் அளவுச் சாவியால் இறுக்குகிறார். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி வந்து இறுக்கிக்கொள்ளச் சொல்கிறார். கல்முனையிலிருந்து அம்பாறைக்கு ஒருதரம் போய்வந்தால் அந்தத் தூரம் ஆகிவிடும்.